மூன்றாவது குழாய்

…நாலு விநாடி, அவ்வளவுதான், நாலு விநாடி மூச்சை விடாமல் ஊதினால் பீப் என்று ஒரு சத்தம் வரும், மூன்று சுழியம் தெரியும், சாவியை எடுத்துக்கொண்டு போகலாம், இதற்குப் போய் இந்தப் பதினெட்டாம் நம்பர் டிரைவர் என்ன பாடு படுகிறான், பாதியில் விட்டுவிட்டு இருமுகிறான், "மறுபடி ஊது" என்கிறேன், என் குரலே யாரோ பேசுவதுபோல் கேட்கிறது… பதினாலு வருஷமாக இந்தக் கம்பி ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்து இதையேதான் சொல்கிறேன், ஊது, விடாதே, இன்னும், இன்னும், போதும். இந்த பஸ் டிப்போவில் என் சொந்தப் பேரைச் சம்பளச் சீட்டில் மட்டும்தான் பார்க்கலாம், மற்றபடி சின்னவன் பெரியவன் எல்லாருக்கும் நான் ஊதண்ணன். ஆளுக்கு ஒரு புதுக் குழாய், வெள்ளை பிளாஸ்டிக், சுண்டுவிரல் நீளம், உறையைக் கிழித்து, குடித்திருக்கிறானா என்று காட்டும் மெஷினில் மாட்ட வேண்டும், ஒருவர் வாய் வைத்ததில் இன்னொருவர் வாய் வைக்கக் கூடாது, ஊதி முடித்ததும் கூடையில் போட வேண்டும், இதுதான் சட்டம், இந்தச் சட்டத்தை நான் எவ்வளவு அழகாகப் பயன்படுத்திக்கொண்டேன்… வேண்டாம், இப்போது அதை நினைக்காதே, அடுத்த ஆள் வந்தாயிற்று, குழாயை மாட்டு. பெட்டியில் கொஞ்சம்தான் மிச்சம் இருக்கிறது, ஸ்டோரில் போய்ப் புதுப் பெட்டி வாங்கி வர வேண்டும். மணி பதினொன்று. பன்னிரண்டுக்கு விசாரணை, சாட்சியாக நானும் போக வேண்டும். எதிரே பெஞ்சில் அவள் உட்கார்ந்திருக்கிறாள்.

மின்மினியின் மனைவி. மடியில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு, அதற்குள் ஆஸ்பத்திரிச் சீட்டு, எக்ஸ்ரே, புருஷன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கடிதம், கோப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்கிறாள், பரீட்சை எழுத வந்த பிள்ளை மாதிரி. மின்மினி எங்கள் டிப்போ எலக்ட்ரீஷியன், எப்போதும் நெற்றியில் ஒரு சின்ன விளக்கைக் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு அடியில் கிடப்பான், அதனால் மின்மினி, எடை ஐம்பது கிலோ இருந்தால் அதிகம், காற்றடித்தால் கம்பத்தைப் பிடித்துக்கொள்ளடா என்று கிண்டல் செய்வோம். பத்து நாளைக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெட்டவெளிச்சமாக இருக்கும் மூன்றரை மணிக்கு, டிப்போ கொடுத்த பைக்கில் போய்ப் பஸ் நிறுத்தத்துக் கம்பியில் மோதினான். அவனுக்குத் தொடை எலும்பு. அங்கே நின்றிருந்த ஒரு வாத்தியாரம்மாவுக்கு முழங்கை. ரத்தத்தில் எவ்வளவு இருந்தது என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். குடித்துவிட்டுக் கம்பெனி வண்டியை எடுத்தவனை வேலையில் வைத்துக்கொள்வதா, வெளியே அனுப்புவதா, அதைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறார்கள். மேனேஜர் நேற்று இதே ஜன்னலில் சாய்ந்துகொண்டு சொன்னார், "ஒரு நிமிஷம் யோசிச்சான், ஒரு ஆள்கிட்ட கேட்டான்னு ஏதாவது இருந்தாக்கூட நான் மேல எழுதிப் போடுவேன்யா. ஒண்ணுமே இல்லையே." நான் தலையை ஆட்டினேன். நன்றாக ஆட்டினேன். யோசித்தானே, கேட்டானே, என்னிடம்தானே கேட்டான்… என்று என் தொண்டை வரைக்கும் வந்ததை எச்சிலோடு சேர்த்து முழுங்கினேன்.

"அடுத்து." ஊது. விடாதே. பீப். சுழியம், சுழியம், சுழியம். இருபத்திரண்டு, சாவி. இவன் நல்ல பருமன், கழுத்தே கிடையாது, இவனும் போன வருஷம் ஒருநாள் காலை ஆறு மணிக்குச் சிவப்பு காட்டினான், ராத்திரி பத்து மணிக்கே நிறுத்திட்டேன் அண்ணே, நல்லா தூங்கிட்டேன் அண்ணே என்று அழாத குறை, அவனோடு சேர்ந்து அதே அளவு குடித்த அவன் மச்சான் பச்சையாக ஊதிவிட்டுச் சாவியோடு போனான். பதினாலு வருஷத்தில் இப்படி எத்தனை பார்த்திருக்கிறேன். மாதம் ஒருமுறை பாதுகாப்புக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசுவதும் நான்தான், "தம்பிகளா, பாட்டில் ஒண்ணுதான், உடம்பு ஒண்ணு இல்ல, அவன் தெளிவா இருக்கான்னு நீ தெளிவா இருக்கறதா அர்த்தம் இல்ல, வெறும் வயித்துல குடிச்சா ஒரு மாதிரி, மாத்திரை போட்டிருந்தா ஒரு மாதிரி, குடிச்சா வண்டிய விட்டுட்டு நடந்து போ, இல்ல எனக்கு ஒரு போன் போடு, நான் வந்து கூட்டிட்டுப் போறேன்." கை தட்டுவார்கள். முன் வரிசையில் உட்கார்ந்து ரொம்பக் கவனமாகக் கேட்டுக்கொண்டு தட்டுகிற ஆட்களில் மின்மினியும் ஒருவன், அவனுக்கு டிரைவர் வேலைகூடக் கிடையாது, மைக்கு இரைந்தால் சரி செய்ய வந்தவன், ஆனாலும் கேட்பான். அவன் ஒருவன்தான் கேட்டிருக்கிறான் என்று இப்போது தெரிகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆமை அண்ணனுக்கு வழியனுப்பு விருந்து. முப்பது வருஷம் ஒரு கீறல் இல்லாமல் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், நாற்பதுக்கு மேல் முள்ளைப் போகவிட மாட்டார், அதனால் ஆமை. எதிர்த் தெரு ஹாலை வாடகைக்கு எடுத்திருந்தோம். மெஷினை அங்கே எடுத்துக்கொண்டு போனது யார்? நான். யார் கேட்டார்கள்? ஒருவரும் கேட்கவில்லை. ஆமை அண்ணன் வாழ்நாளில் முதல்முறையாகச் சிவப்பு ஊதுவதைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை, டிப்போ மெஷினை வாசலைத் தாண்டி எடுத்துப் போனால் வேலையே போகும் என்று தெரிந்தும் பைக்குள் போட்டுக்கொண்டேன், கூடவே மூன்று குழாய். ஒன்றை ஆமை அண்ணன் ஊதினார், எண் ஏறியது, ஹாலே ஆடிப்போகிற மாதிரி சிரித்தார்கள். இரண்டாவது நான். வயிறு முட்டச் சாப்பிட்டு, இரண்டு கிளாஸ் விஸ்கியை இரண்டு மணி நேரமாக உருட்டி உருட்டிக் குடித்திருந்தேன், உடம்பும் தொண்ணூறு கிலோ, சொந்த வண்டி ஓட்டுகிறவர்களுக்கு உள்ள வரம்புக்கு ஒரு நூல் கீழே நின்றது எண். தூக்கிப் பிடித்து எல்லாருக்கும் காட்டினேன். மூன்றாவதைச் சட்டைப்பையில் வைத்தேன், கிளம்புவதற்கு முன்னால் இன்னொரு தடவை ஊதிப் பார்த்துவிட்டுக் காரை எடுக்கலாம் என்று. அந்த நேரத்தில் அப்படி நினைத்தது நிஜம். அதில் பொய் இல்லை.

மின்மினி அதுவரைக்கும் சாப்பிடவே இல்லை. எல்லாரும் பந்தியில் இருந்தபோது அவன் ஏணி மேல் நின்று சீரியல் பல்பு மாட்டிக்கொண்டிருந்தான், பிறகு ஸ்பீக்கர் வேலை செய்யவில்லை, பிறகு ஃபேன். அவன் கீழே இறங்கியபோது சாப்பாடு ஆறிப்போய்விட்டது, யாரோ கையில் கிளாஸைக் கொடுத்தார்கள், கூச்ச சுபாவம், வேண்டாம் என்று சொல்லத் தெரியாது, மருந்து குடிக்கிற மாதிரி ஒரே மூச்சில் குடித்தான், உடனே இன்னொன்றை ஊற்றினார்கள், அதையும் அப்படியே. காலையிலிருந்து தும்மிக்கொண்டிருந்தான், தும்மலுக்கு மாத்திரை போட்டிருந்தானாம், அது எனக்குப் பிறகுதான் தெரியும்… பிறகுதான் தெரியும் என்று எவ்வளவு நிம்மதியாகச் சொல்லிக்கொள்கிறேன், மூக்கைத் துடைத்துக்கொண்டே நின்றவனைப் பார்த்தேன் அல்லவா, மாத்திரை போட்டாயா என்று கேட்க எத்தனை நேரம் ஆகும்? காதுமடல் இரண்டும் சிவந்து கிடந்தன, அதையும் பார்த்தேன். பக்கத்தில் வந்து, "அண்ணே, டிப்போவுல ஒரு பஸ் ஸ்டார்ட் ஆகலையாம், போன் வந்துச்சு, போகணும். நானும் ஒரு தடவை ஊதிப் பாத்துரட்டுமா?" என்று கேட்டான். பஸ்ஸுக்கு அடியிலேயே கிடக்கிறவன், அவனை யாரும் ஊதச் சொன்னதே இல்லை, அவனாகக் கேட்டான். நான் சொன்னேன், "குழாய் தீந்துபோச்சுடா தம்பி. நீ எத்தனை அடிச்ச?" "ரெண்டுண்ணே." "நானும் ரெண்டுதான். எனக்கு என்ன காட்டுச்சுன்னு பாத்தேல்ல? ஒண்ணும் ஆகாது, மெதுவா போ."

வாய் கூசாமல் சொன்னேன். நானும் ரெண்டு, நீயும் ரெண்டு. மைக்கில் பேசுகிற அதே வாய்.

"ஊதண்ணே, என்ன யோசனை, மெஷின் என் மூஞ்சிய பாக்குது, நீங்க சுவத்தைப் பாக்குறீங்க," என்று ஏழாம் நம்பர் சிரிக்கிறான். ஊது. இன்னும். போதும். சாவி. அவனும் போய்விட்டான், இந்த ஷிஃப்டில் இன்னும் ஏழெட்டுப் பேர்தான். அவள் பெஞ்சிலிருந்து எழுந்து தண்ணீர் டிரம்மில் குடித்துவிட்டு மறுபடி வந்து உட்காருகிறாள். அன்றைக்கு நான் என்ன செய்தேன்? அரை மணி கழித்துக் கிளம்பினேன். சட்டைப்பையில் குழாய் இருந்தது, பைக்குள் மெஷின் இருந்தது, கார் கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டு கொஞ்ச நேரம் யோசித்தேன், ஊதவில்லை. ஏன்? நிதானமாக ஊதியிருக்கலாமே, யார் பார்க்கப் போகிறார்கள்? நடுவில் இன்னொரு கிளாஸை வாங்கிக் குடித்திருந்தேன், அதுதான். என்ன காட்டும் என்று எனக்குத் தெரியும், தெரிந்ததை எதற்குப் பார்ப்பது? வீடு வரைக்கும் ஓட்டினேன், குறுக்கே வந்தவனை எல்லாம் திட்டிக்கொண்டு, பெரிய யோக்கியன் மாதிரி. நடுவில் ஒரு சிக்னல். அது பச்சையாக இருந்ததா, சிவப்பாக இருந்ததா என்று இந்தப் பத்து நாளாக யோசிக்கிறேன், ஞாபகமே வரவில்லை. மின்மினிக்குக் குறுக்கே ஒரு கம்பி வந்தது, எனக்கு வரவில்லை, எனக்கும் அவனுக்கும் உள்ள வித்தியாசம் அது ஒன்றுதான். இல்லை, இன்னொன்றும் உண்டு. அவன் கேட்டான்.

வீட்டில் என் மனைவி சட்டையைத் துவைக்கப் போடும்போது அதை எடுத்தாள், உறை பிரிக்காமல் புதுசாக இருந்தது, ஃப்ரிட்ஜ் மேல் வைத்தாள். அதற்குள் மின்மினி செய்தி வந்துவிட்டது. "இது என்னங்க?" என்றாள். "வேலைச் சாமான்," என்றேன். அவள் குழம்பை இறக்கப் போய்விட்டாள், அதற்குப் பிறகு அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை, மறுநாள் காலை அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அன்றிலிருந்து தினமும் சட்டை மாற்றும்போது இதையும் மாற்றி வைக்கிறேன். எதற்கு? தூக்கி எறிந்துவிடலாமே. எறியவும் மனசு வரவில்லை, எடுத்து மேஜையில் வைக்கவும் தைரியம் இல்லை. இப்போதும் நெஞ்சுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, குனிந்தால் குத்துகிறது.

ஆஸ்பத்திரிக்குப் போனேன், ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு. காலைத் தூக்கிக் கட்டிப் போட்டிருந்தார்கள், கட்டிலில் அவன் இருப்பதே தெரியவில்லை, போர்வைதான் தெரிந்தது. நர்ஸ் போகும்வரை காத்திருந்து என் கையைப் பிடித்துக்கொண்டான், "அண்ணே, உங்க பேர் எங்கயும் வராதுண்ணே. மெஷினை வெளிய கொண்டு வந்தீங்கன்னு தெரிஞ்சா உங்களைத்தான் புடிப்பாங்க. குடிச்சது நான், ஓட்டுனது நான்." நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? என்ன சொன்னேன் தெரியுமா, "ரெஸ்ட் எடுடா" என்றேன். ஆரஞ்சை உரித்தேன், பாதியை நானே தின்றேன். அடுத்திருந்த பெண்கள் வார்டில் வாசலோரக் கட்டிலில் அந்த வாத்தியாரம்மா, இடது கையில் மாவுக்கட்டு, வலது கையால் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார், அந்தப் பக்கமே பார்க்காமல் சுவரை ஒட்டி நடந்து வெளியே வந்தேன். திருடன்கூடக் கொஞ்சம் நிமிர்ந்து நடப்பான். மேனேஜர் எழுதித் தரச் சொன்ன தாளில், "நானும் விருந்தில் இருந்தேன், அவர் எவ்வளவு குடித்தார் என்று கவனிக்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்து எப்போதையும்விட அழகாக விழுந்தது.

குழாய் இல்லை என்று ஏன் சொன்னேன்? எனக்கு வேண்டும் என்றா? இதுவரைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன், சுயநலம், சரி, ஒப்புக்கொள்கிறேன் என்று. ஆனால் எனக்கும் வேண்டியிருக்கவில்லையே, நான்தான் ஊதவே இல்லையே… அவன் ஊதியிருந்தால் சிவப்பு காட்டியிருக்கும், அவன் காதைப் பார்த்ததுமே எனக்குத் தெரியும், பதினாலு வருஷக் கண் இது. சிவப்பு காட்டினால் நான் அவன் சாவியை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும், டிப்போவுக்குப் போன் போட வேண்டும், ஊதண்ணனே மெஷினோடு உட்கார்ந்து குடிக்கிறான் என்று வெளியே வரும், ஆட்டோ பிடிக்க வேண்டும், ஆமை அண்ணன் பாடத் தொடங்கியிருந்தார், மூன்றாவது கிளாஸ் கையில் இருந்தது. அவ்வளவுதான். ஒரு ஆளின் தொடை எலும்பு, ஒரு அம்மாவின் முழங்கை, எதிரே உட்கார்ந்திருக்கிறவளுடைய வீட்டு அடுப்பு… என்னுடைய மூன்றாவது கிளாஸ்.

"அண்ணே," என்று குரல், திடுக்கிட்டுப் பார்த்தால் அவளேதான், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். "உள்ள என்ன கேப்பாங்கண்ணே? எனக்குப் பேச வராது." "ஒண்ணும் பெருசா கேக்க மாட்டாங்கம்மா. கடிதத்தைக் குடுத்தா போதும்." அவள் மெஷினைப் பார்க்கிறாள். "இதுதானாண்ணே அது?" "ஆமா." "இதுல ஊதியிருந்தா காட்டியிருக்குமா?" "காட்டியிருக்கும்மா." அவள் தலையசைக்கிறாள், கோபம் எதுவும் இல்லை, கோபமாவது இருந்தால் தாங்கியிருப்பேன். "அவரு கேட்டாராம்ல. குழாய் தீந்துடுச்சாம். என்ன பண்றது, எங்க நேரம். உங்களுக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கும், அவரு சொல்லிட்டே இருந்தாரு, அண்ணன் ரொம்ப ஒடைஞ்சு போயிட்டாரு, முகமே சரியில்லன்னு. இதைப் பத்தி உள்ள ஒண்ணும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டுத்தான் அனுப்பியிருக்காரு. நீங்க பயப்படாதீங்கண்ணே." நீங்க பயப்படாதீங்க. வேலை போகப் போகிற வீட்டுக்காரி எனக்குச் சொல்கிறாள். பூமி பிளந்து உள்ளே போகலாம் என்பார்களே, டிப்போத் தரையெல்லாம் கான்கிரீட்.

சொல்லிவிடு. இப்போதே. அம்மா, குழாய் தீரவில்லை, இதோ இருக்கிறது பார் என்று எடுத்துக் கம்பி வழியாக அவள் கையில் கொடு, அவள் அதை மேஜையில் வைக்கட்டும், கேட்டான், யோசித்தான், மேனேஜருக்கு வேண்டியதும் அதுதான். கையைச் சட்டைப்பைப் பக்கம் கொண்டுபோகிறேன்… "ஊதண்ணே, ஊதண்ணே, நகருங்கக்கா, பதினொன்னேமுக்கா வண்டி, இப்பவே அம்பது ஆச்சு, டிராஃபிக்ல மாட்டிக்கிட்டேன்," என்று மூச்சு வாங்க முப்பத்தோராம் நம்பர் டிரைவரம்மா ஓடி வருகிறாள். பெட்டிக்குள் கை விட்டால் வெறும் அட்டை. தீர்ந்துபோய்விட்டது. நிஜமாகவே. புதுப் பெட்டி வாங்கி வைக்க மறந்திருக்கிறேன், ஸ்டோர்காரர் டீ குடிக்கப் போயிருக்கிறார், பூட்டு தொங்குவது இங்கிருந்தே தெரிகிறது. இரும்மா, அவர் வரட்டும் என்று சொல்லலாம். பத்து நிமிஷம் பஸ் தாமதமாகும், அவ்வளவுதானே, யாருக்கு என்ன குடி முழுகிவிடும்? சட்டைப்பையில் இருந்த கை வெளியே வந்தது, உறையைக் கிழித்தது, குழாயை மாட்டியது. எவ்வளவு வேகம். "ஊது" என்றேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. பீப். மூன்று சுழியம். டிரைவரம்மா குழாயைப் பிடுங்கிக் கூடையில் எறிந்துவிட்டுச் சாவியோடு ஓடினாள், நெஞ்சில் பத்து நாளாகக் குத்திக்கொண்டிருந்தது போய் ஒரு நிமிஷம் எனக்கு எவ்வளவு லேசாக இருந்தது, சீ… எவ்வளவு லேசாக இருந்தது.

"நல்லவேளை, பாக்கெட்டுல ஒண்ணு இருந்துச்சுண்ணே," என்றாள் மின்மினியின் மனைவி.

தெரிந்துதான் சொன்னாளா? முகத்தைப் பார்த்தேன், அவள் அதற்குள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கோப்பைச் சரி செய்துகொண்டிருந்தாள், ஒன்றும் தெரியவில்லை. தெரிந்து சொல்லியிருந்தால் தேவலை, நான் சொல்ல வேண்டியதில் பாதி குறைந்துவிடும்… பார், இதிலும் அவள்தான் எனக்காகச் சுமக்க வேண்டும். மேனேஜர் அறைக் கதவு திறந்து ரெண்டு பேரும் வாங்க என்று கூப்பிடுகிறார்கள். எழுந்திருக்கும்போது கால் கூடையில் இடித்தது, உள்ளே நாற்பது குழாய்கள் கிடக்கின்றன, எல்லாம் ஒரே வெள்ளை, ஒரே நீளம், குனிந்து பார்க்கிறேன், எது அது என்று எனக்கே தெரியவில்லை, அப்படி ஒன்று இருந்தது என்பது இனி நான் சொன்னால்தான் உண்டு. அவள் கதவைத் தன் தோளால் தள்ளிப் பிடித்துக்கொண்டு எனக்காக நிற்கிறாள், "வாங்கண்ணே" என்கிறாள்…